கிராணியின் மூன்றாவது கியர்

காஜா பெராங் சாலையில் மருதமுத்துவின் பட்டறைக்கு வண்டி கொண்டுவந்தவன் எவனும் திட்டு வாங்காமல் திரும்பியதில்லை. லோரிக்காரன் வந்தால், "இது லோரியா, உங்கப்பன் மாட்டுக்கொட்டாயா?" என்பான். டாக்சிக்காரன் வந்தால் தேய்ந்த கிளச்சைத் தூக்கிக் காட்டி, "இந்தக் காலை எங்க வாங்குன? கொண்டுபோய்த் திருப்பிக் குடு" என்பான். ஆனாலும் பட்டறை வாசலில் வண்டி குறைந்ததில்லை. கியர்பாக்ஸ் என்று வந்துவிட்டால் மலாக்காவில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் லோரி கழுவ ஆரம்பித்தவன், ஜப்பான்காரன் காலத்தில் அவர்கள் பட்டறையில் அறை வாங்கிக்கொண்டே தொழிலைக் கற்றான். தெருக்கோடியில் வண்டி வரும்போதே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். தன்னைத் தவிர உலகத்தில் எல்லோரும் மடையர்கள் என்ற முடிவுக்கும் அவன் வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

அந்த மடையர்களிலும் அவனுக்கு மேல்வரிசை கீழ்வரிசை உண்டு. எல்லோருக்கும் அடியில் கிராணிகள், ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற குமாஸ்தாக்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்ட கிராணி, அவன் அப்பாவை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்துக் கூப்பிட்டதில்லை. பேனா பிடிக்கிற கையைக் கண்டாலே மருதமுத்துவுக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

ஐம்பத்தேழாம் வருஷம் மே மாதம் அப்படி ஒரு கையோடுதான் பொன்னுதுரை வந்தார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிராணி. யாழ்ப்பாணத்தார். வயது ஐம்பத்து மூன்று. வெள்ளைக் கால்சட்டை, டை, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் குடை. அவருக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டி. மாட்டு வண்டிக்குப் பின்னால், கயிறு கட்டி இழுக்கப்பட்டு, இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை நிறத் திறந்த எம்.ஜி. கார்.

மருதமுத்து ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தான். மாட்டைப் பார்த்தான், காரைப் பார்த்தான், கடைசியில் மனிதரைப் பார்த்தான்.

"என்னங்கையா இது?"

"கார்."

"அது தெரியுது. யாருக்கு?"

"எனக்குத்தான்."

ஊரைவிட்டுக் கப்பலேறின ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் கார் அது. மலாக்காவில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. எட்டு வருஷம் அந்த எஞ்சினியர் கியரை நெரித்து நெரித்து ஓட்டி, கடைசியில் இரண்டாவது கியர் போடும்போது உள்ளே ஏதோ உடைந்து, கார் பொன்னுதுரையின் அலுவலக வளாகத்திலேயே நின்றுவிட்டது. சுதந்திரம் வரப்போகிறது என்று அவர் மூட்டை கட்டினபோது, அதை வாங்க வேறு யாரும் முன்வரவில்லை.

"வெள்ளைக்காரன் கழட்டிப் போட்ட செருப்பு, ஐயா," என்றான் மருதமுத்து. "அதையா எடுத்து மாட்டிக்கிட்டீங்க?"

பொன்னுதுரை குனிந்து கால்சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"செருப்பெண்டாலும் என்ர காலுக்குச் சரியாத்தான் இருக்கு. அறுந்த வாரை மட்டும் நீர் தைச்சுத் தாரும்."

பட்டறை வாசலில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மருதமுத்துவைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அன்றைக்கே அந்த ஆளைப் பிடிக்காமல் போய்விட்டது.

மறுநாள் முதல் பொன்னுதுரை தினமும் அலுவலகம் முடிந்து நேரே பட்டறைக்கு வந்தார். கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் செய்தித்தாளை விரித்து உட்காருவார். மடியில் ஒரு நோட்டுப்புத்தகம். மருதமுத்து இருக்கைகளைக் கழற்றி, தரைப்பலகையைத் தூக்கி, கியர்பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே வெளியே எடுத்தபோது, அவர் அதைப் படமாகக் கீறினார். எண்ணெயை வடித்தபோது கறுப்பு எண்ணெயில் இரும்புத் தூள் மீன் செதில் மாதிரி மின்னியது. அதையும் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பாகமாகக் கழன்று மண்ணெண்ணெய்த் தட்டில் விழ விழ, எது எதற்கு முன்னால் இருந்தது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று நம்பர் போட்டுக்கொண்டே வந்தார்.

"என்னங்கையா, கேஸ் எழுதுறீங்களா? யாரு மேல?"

"மறந்துபோகாமல் இருக்கத்தான்."

"உங்களுக்கு மறந்தா என்ன? மாட்டப்போறது நானு." அவன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினான். "எனக்கு எல்லாம் இங்க இருக்கு."

இரண்டாவது கியரில் நான்கு பல் காணவில்லை. அடித்தண்டு ஒரு பக்கமாகத் தின்னப்பட்டிருந்தது. தண்டைத் தாங்குகிற புஷ் ஒன்று தகடாகத் தேய்ந்துபோயிருந்தது. வெள்ளைக்காரன் கப்பலில் இருந்தாலும் மருதமுத்து அவனைத் திட்டாமல் விடவில்லை. "இதுங்கதான் நம்மள ஆண்டிச்சு. ஒரு கியர ஒழுங்காப் போடத் தெரியல." சுதந்திரத்தையும் விடவில்லை. "இப்ப நாம ஆளப்போறோம். நமக்கு மட்டும் தெரியுமா?"

கியரும் தண்டும் சிங்கப்பூரிலிருந்து வர மூன்று வாரம் பிடித்தது. புஷ்ஷை, பக்கத்துச் செட்டிக் கம்பத்தில் லேத் வைத்திருந்த வீராசாமி படையாச்சி கடைந்து கொடுத்தார். பல தலைமுறைக்கு முன்னே வந்து குடியேறிய மலாக்காச் செட்டி; அவர் வாயில் தமிழ் நுழையாது. மலாய்தான். "பேரு படையாச்சி, வாயைத் திறந்தா மலாய்," என்று மருதமுத்து அவர் முகத்துக்கு நேராகவே சொல்வான். அவரும் புரியாமல் தலையாட்டிச் சிரிப்பார். ஆனால் அந்த வெண்கலப் புஷ் தண்டில் ஏறின அழகைப் பார்த்துவிட்டு மருதமுத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனிடம் பாராட்டு என்றால் அதுதான்.

பூட்டுகிற நாள் சனிக்கிழமை. வேடிக்கை பார்க்க எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் முக்கியமானவன் ராஜரத்தினம், பஸ்ஸில் டிக்கெட் சோதிக்கிறவன். ஊர்வம்பை ஸ்டாப்புக்கு ஸ்டாப் இறக்கிவிடுகிறவன். கூட்டம் இருந்தால் மருதமுத்துவின் கைக்கும் வாய்க்கும் வேகம் கூடும்.

மூன்றாவது கியரையும் நாலாவது கியரையும் மாற்றி மாற்றிக் கவ்வுகிற பல்வளையம் ஒன்று உண்டு. அதை அதன் நடுக்கட்டையில் ஏற்றும்போது, உள்ளே ஸ்பிரிங்கும் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளும் அடங்கி உட்கார வேண்டும். பேசிக்கொண்டே அழுத்தியதில் விரல் வழுக்கி, ஆறு குண்டும் ஆறு திசையில் பறந்தன. ஐந்து கிடைத்தது. ஆறாவது கிடைக்கவில்லை. பொன்னுதுரை வெள்ளைக் கால்சட்டையோடு எண்ணெய்த் தரையில் மண்டியிட்டு, ஒரு பழைய டயருக்கு அடியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். மருதமுத்து வாங்கிக்கொண்டான். நன்றி சொல்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

இரண்டாம் தடவை வளையத்தை ஏற்றிவிட்டான். பொன்னுதுரை நோட்டைப் புரட்டினார்.

"மருதமுத்து, அந்த வளையம் மற்றப் பக்கமெல்லோ இருந்தது? ஒரு உதடு கொஞ்சம் நீளம். அது முன்னுக்கு இருந்தது எண்டு கீறியிருக்கிறன்."

மருதமுத்து நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான்.

"ஐயா, நீங்க ஆபீசுல பைல எந்தப் பக்கமா வச்சாலும் நான் வந்து கேக்குறேனா? இது என் பைலு. நீங்க போயி டின்னு மேல உக்காருங்க."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். ராஜரத்தினம் தொடையைத் தட்டிச் சிரித்தான். பொன்னுதுரை நோட்டை மூடிக்கொண்டார். மருதமுத்து வளையத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒரு கிராணியின் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்ததாகிவிடும்.

கார் ஓடியது. மருதமுத்துவே பண்டார் ஹிலிர்வரை ஓட்டிப் பார்த்தான். நான்கு கியரும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தன. ஊர் நடுவில் எல்லாம் சமதரை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சாவியைப் பொன்னுதுரையிடம் எறிந்தான். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இரண்டே நாளில் அவர் திரும்பி வந்தார். வீடு புக்கிட் பெரிங்கிட் மேட்டில் இருந்தது. அந்த இறக்கத்தில் மூன்றாவது கியரில் வரும்போது, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் கியர் தானாக விடுபட்டுவிடுகிறது என்றார்.

"தானா எப்படி விடும்? கையைக் கியர் மேல வச்சுக்கிட்டு ஓட்டுறீங்க. அது என்ன பொண்டாட்டி தோளா, தடவிக்கிட்டே போறதுக்கு?"

அன்றைக்கும் நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேரும் சிரித்தார்கள். பொன்னுதுரை குடைப்பிடியைப் பார்த்தார். பிறகு, "நான் வைக்கேல்லை," என்றார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவி சிவகாமசுந்தரியும் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். பாதி இறக்கத்தில் கியர் விடுபட்டது. கார் சட்டென்று வேகம் பிடித்தது. கீழே பலகை ஏற்றிய லோரி ஒன்று சந்திலிருந்து பின்பக்கமாகச் சாலைக்கு வந்துகொண்டிருந்தது. பொன்னுதுரை பிரேக்கை மிதித்து ஸ்டேரிங்கை ஒடித்ததில் கார் சாலையோர லொங்காங்கில் இறங்கி நின்றது. சாக்கடைத் தண்ணீர் இருக்கைவரை வந்துவிட்டது. அவருக்கு நெற்றியில் கீறல். அந்த அம்மாளுக்கு இடது மணிக்கட்டு முறிந்துபோயிற்று.

ஊர் இரண்டு நாள் வேறு பேச்சுப் பேசவில்லை. முனைக் காப்பிக்கடையில் மருதமுத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கு நுனியில் கண்ணாடி இருப்பதுபோல் தலையைச் சாய்த்து, ஒரு கையில் இல்லாத குடையும் மறு கையில் இல்லாத கியருமாக நடித்துக் காட்டினான். "ஓம், ஓம், மூண்டாவது கியரைக் காணேல்லை, ஆராவது கண்டனீங்களோ?" என்று யாழ்ப்பாணப் பேச்சுப் பேசினான். சிரித்துச் சிரித்து ராஜரத்தினத்துக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் அந்த நடிப்பு பஸ்ஸில் ஏறி ஊரெல்லாம் போயிற்று.

மருதமுத்துவின் மனைவி ருக்மணி ஆஸ்பத்திரியில் ஆயா. அந்த அம்மாளுக்கு மாவுக்கட்டுப் போடும்போது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சோறு போடும்போது சொன்னாள்.

"கியர் கழண்டப்ப அவரு ரெண்டு கையும் ஸ்டேரிங்லதான் இருந்துச்சாம். அந்தம்மா சொல்லுச்சு."

"பொண்டாட்டி புருசனை விட்டுக்குடுப்பாளா?"

"நான் குடுப்பேன்," என்றாள் ருக்மணி. குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சோறு அவனுக்கு இறங்கவில்லை. லொங்காங்கிலிருந்து இழுத்துவந்த கார் அவன் பட்டறையில்தான் நின்றது. முன்பக்க மட்கார்டு நசுங்கியிருந்ததே தவிர வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. சாயங்காலம் அதைக் கிளப்பிக்கொண்டு தனியாக புக்கிட் பெரிங்கிட் மேட்டுக்குப் போனான். உச்சியில் திருப்பினான். மூன்றாவது கியரில் போட்டான். இரண்டு கையையும் ஸ்டேரிங்கில் வைத்துக்கொண்டு, இறக்கத்தில் எண்ணெய்க் காலை எடுத்தான்.

பத்து கஜம் போகவில்லை. கியர்க் கம்பு யாரோ தட்டிவிட்டதுபோல் துள்ளி நடுவில் வந்து நின்றது. கார் கீழே ஓடத் தொடங்கியது. அவன் பிரேக்கில் ஏறி நின்று ஓரம் கட்டினான். மறுபடி மேலே போனான். மறுபடி கழன்றது. மூன்றாம் தடவையும்.

மறுநாள் பட்டறையின் தகரக் கதவைச் சாத்திக்கொண்டு, வந்த வண்டிகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, கியர்பாக்ஸை வெளியே எடுத்துத் திறந்தான். தேடவே வேண்டியிருக்கவில்லை. வளையம் பின்முன்னாகக் கிடந்தது. நீளமான உதடு பின்னால் பார்த்து இருந்தது. அதனால் மூன்றாவது கியரின் பல்லைப் பாதிதான் கவ்வியது. ஒரு நெல் நீளம்தான் வித்தியாசம். சமதரையில் அது தாங்கும். இறக்கத்தில் விட்டுவிடும்.

மருதமுத்து எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தான். இதே வேலையை வேறொருவன் செய்து, அது இவன் கையில் கிடைத்திருந்தால் என்னென்ன சொல்லியிருப்பான்? கண்ணு எங்கடா இருந்துச்சு, முதுகுலயா. இந்தக் கையை வச்சுக்கிட்டுப் பீ கூடக் கழுவாதே. உனக்கு எவன்டா ஸ்பேனர் குடுத்தான். ஒன்று விடாமல் எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது. நாற்பத்திரண்டு வயதில், அடைத்த கதவுக்குள், அத்தனையையும் அவன் ஒருவனே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிறகு வளையத்தைத் திருப்பிச் சரியாகப் போட்டான். பெட்டியைப் பூட்டினான். மேட்டில் ஆறு தடவை ஓட்டிப் பார்த்தான். மூன்றாவது கியர் அசையவில்லை. மட்கார்டையும் தட்டி நிமிர்த்தினான். எல்லாம் ஆன பிறகுதான் அந்த யோசனை வந்தது. வளையத்தைப் பற்றி யாருக்குத் தெரியும்? ஸ்பிரிங் சரியில்லை, மாற்றிவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. ஒரு கிராணிக்கு அதற்கு மேல் என்ன தெரியப்போகிறது?

அந்தச் சொல்லை வாயில் தயாராக வைத்துக்கொண்டுதான் காரை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினான். சிவகாமசுந்தரி வெளியே வந்தாள். இடது கை மாவுக்கட்டில் தொங்கியது. உள்ளே வரச் சொல்லவில்லை.

"அவர் குளிக்கிறார். என்ன பிழையாம்?"

"ஸ்பிரிங்..." என்று ஆரம்பித்தான்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "காப்பிக்கடையிலை நடிச்சுக் காட்டினது நீர்தானாம். நல்லாப் படிச்சிருக்கிறீர். ஒபிசிலை இப்ப இவருக்குக் கைநடுக்கமாம். பென்சனை எடுத்துக்கொண்டு வீட்டிலை இருக்கட்டாம். முந்தி இவர் முன்னால் நிண்டு கதைக்கப் பயந்ததுகள் எல்லாம் சொல்லுதுகள்."

அவன் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"எட்டு வருசம் அந்த வெள்ளையன் காலமை வந்து இறங்கிச் சாவியைத் தூக்கிப் போடுவான். இவர் காரைக் கொண்டுபோய் மர நிழலிலை விட வேணும். பின்னேரம் திரும்பக் கொண்டந்து வாசல்லை விட வேணும். முப்பது கஜம் தூரம். எட்டு வருசமும் முதலாவது கியரும் ரிவேர்சும்தான். மற்றக் கியருகளையும் போட்டுப் பாக்க வேணுமெண்டு இந்த மனுசனுக்கு ஒரு ஆசை. அதுக்கு உம்மட்டை வந்தார் பாரும்."

பொன்னுதுரை தோளில் துண்டோடு வெளியே வந்தார். டையும் குடையும் இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எலும்பு தெரிந்த சின்ன உடம்பு.

"ஸ்பிரிங் இல்லீங்க," என்றான் மருதமுத்து. செருமிக்கொண்டான். "அந்த வளையம். நான்தான் திருப்பிப் போட்டுட்டேன்."

"தெரியும். அண்டைக்கே சொன்னனான்."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க? ஒரு போடு போட்டிருக்கலாம்ல?"

"எட்டுப் பேர் நிண்டு சிரிச்சினம். இவ்வளவு பேர் சிரிச்சால் நான்தான் பிழையாக்கும் எண்டு நினைச்சிட்டன். அது என்ர பிழை. அதுக்கு இவவின்ர கை முறிஞ்சது."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க, ஐயா. எழுதிக் குடுக்கட்டுமா?"

பொன்னுதுரை அவனை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மருதமுத்துவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலில் ஒட்டியதை எங்கே துடைப்பது என்று பார்க்கிற பார்வை அது.

"எழுத்து வேண்டாம். எங்கை சொன்னீரோ, அங்கை போய்ச் சொல்லும். நானும் வாறன்."

மறுநாள் ஆறு மணிக்குக் காப்பிக்கடை நிரம்பியிருந்தது. பொன்னுதுரை மூலை மேசையில் ஒரு கறுப்புக் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் ராஜரத்தினம், "மருது, அந்த மூண்டாவது கியரு!" என்று நடிப்புக்கு ஆரம்பம் எடுத்துக் கொடுத்தான்.

மருதமுத்து எழுந்து நின்றான். "அந்த வண்டி விழுந்தது என்னால," என்றான்.

"என்ன? கேக்கல லா, சத்தமா!"

"என்னாலன்னு சொன்னேன்! வளையத்தை நான் திருப்பிப் போட்டுட்டேன். அவரு ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்ல." கடை அடங்கியது. அவனுக்கு அதற்கு மேல் நிறுத்தத் தெரியவில்லை. "நீங்க எட்டுப் பேரு நின்னீங்களேடா, ஒருத்தனுக்காவது கண்ணு இருந்துச்சா? அந்த மனுசன் ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு. சொன்னாரு. நான் கேக்கல. நீங்க பல்லக் காட்டுனீங்க."

பிறகு ராஜரத்தினம், "அடேய், மருதமுத்துக்கே கியர் கழண்டுடுச்சுடா!" என்றான். கடையே வெடித்தது. சீன முதலாளிகூட என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். மருதமுத்து அந்தச் சிரிப்பின் நடுவில் நின்றான். இத்தனை வருஷம் அவன் மற்றவர்களை நிறுத்திவைத்த இடம் அது. இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

பொன்னுதுரை காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடையை எடுத்தார். அவனைத் தாண்டும்போது, "சரி," என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் காரை அவனிடம் கொண்டுவரவில்லை. எண்ணெய் மாற்றக்கூட உஜோங் பாசிரில் ஒரு சீனரிடம் போனார் என்று கேள்வி. மருதமுத்துவின் பட்டறைக்கு லோரிகள் வந்தன, டாக்சிகள் வந்தன. திட்டினால், "வளையத்தப் பாத்துப் போடுங்க, அண்ணே," என்று திருப்பிச் சொன்னார்கள். அவன் அவர்களைத் திட்டுவதை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் மூடுவதற்கு முன் இரண்டு தடவை குனிந்து பார்த்தான். யாரும் பக்கத்தில் இல்லாதபோது.

சுதந்திரத்தன்று காலை, பண்டார் ஹிலிர் திடலுக்குப் போகிற கூட்டம் காஜா பெராங் சாலை முழுவதும் நடந்தது. மருதமுத்துவும் ருக்மணியும் சாலையோரம் நின்றார்கள். கூட்டத்துக்குப் பின்னால் அந்தப் பச்சைக் கார் வந்தது. பொன்னுதுரை டை கட்டியிருந்தார். பக்கத்தில் சிவகாமசுந்தரி, மாவுக்கட்டுப் போட்ட கையைக் கதவின்மேல் வைத்தபடி. வளைவு வந்ததும் அவர் கியரை இறக்கினார். மூன்றாவது. மருதமுத்து தன்னையறியாமல் தலையைச் சாய்த்துக் கேட்டான். என்ஜின் ஒரு படி இறங்கி, உறுமி, இழுத்துக்கொண்டு போயிற்று. கியர் நின்றது.

அவன் கையைப் பாதி தூக்கினான். சிவகாமசுந்தரி அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தாள். தூக்கின கையால் அவன் பிடரியைச் சொறிந்துகொண்டான்.

"கிளச்சைக் கொஞ்சம் சீக்கிரம் விடுறாரு," என்றான் ருக்மணியிடம். "அந்த ஆளுக்கு எத்தனை தடவை சொன்னாலும்..."

"ஒரு தடவையாவது சொன்னீங்களா?"

அவன் யோசித்தான்.

"இல்ல," என்றான்.